தீவன ஆலை வந்தால் ஊருக்கு என்ன மிச்சம்? (குமரி மாவட்டம், கால்நடைப் பகுதி)

கல்குளம்காரன்

தக்கலைப் பக்கம் மாட்டுத் தீவன ஆலை ஒன்று வரப்போகிறது. நாளைக்கு 50 டன், குச்சித் தீவனம். "கிராமத்துக்கும் சூழலுக்கும் நாங்கள் செய்யப்போவது" என்று ஒரு திட்டம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் கையில் இருக்கும் வரைவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டு, மரக்கன்று, வருஷத்துக்கு இரண்டு கால்நடை மருத்துவ முகாம், இவ்வளவுதான். இதற்குத் தீவனக் கம்பெனி எதற்கு, எந்தக் கம்பெனியும் செய்யலாமே. தீவனம் தெரிந்தவர்கள் செய்யக்கூடியது என்ன? விவரமாகச் சொல்லுங்கள்.

தொழுவம்

முதல் உதவி மூட்டைக்குள்ளேயே இருக்கிறது அண்ணாச்சி. ஐ.எஸ். 2052 என்று இந்தியத் தரம் ஒன்று உண்டு. அதன் 2009 பதிப்பின்படி முதல் வகைத் தீவனத்தில் புரதம் 22 சதத்துக்குக் குறையக் கூடாது. இரண்டாம் வகையில் 20. ஈரம் 11 சதத்துக்கு மேல் கூடாது. நார்ச்சத்து முதல் வகைக்கு 10, இரண்டாவதற்கு 12 வரை. அமிலத்தில் கரையாத சாம்பல், நம்ம பேச்சில் மண்ணும் மணலும், 3 அல்லது 4 சதம். அஃப்ளாடாக்சின் பி1 என்ற பூஞ்சை நஞ்சு கிலோவுக்கு 20 மைக்ரோகிராம்.

இந்த எண்களை மூட்டையில் தமிழில், கண்ணுக்குத் தெரிகிற அளவில், தயாரித்த தேதியோடு அச்சிட்டாலே ஊருக்குப் பாதி உதவி ஆகிவிடும். பல மூட்டையில் மாட்டுப் படம்தான் பெரிசாக இருக்கும்; புரத அளவைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும்.

நஞ்சுக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். மாடு நாளைக்கு 5 கிலோ தீவனம் தின்கிறது, 10 லிட்டர் கறக்கிறது என்று வையுங்கள். தீவனத்தில் கிலோவுக்கு 20 மைக்ரோகிராம் இருந்தால் வயிற்றுக்குள் போவது 100. அதில் 1 முதல் 2 சதம் பாலில் எம்1 என்ற வடிவில் வரும். அதாவது லிட்டருக்கு 0.1 முதல் 0.2. பாலுக்குச் சட்டம் வைத்த வரம்பு 0.5, ஆகையால் தப்பித்தோம். அதே தீவனத்தில் கிலோவுக்கு 100 இருந்தால் பாலில் 0.5 முதல் 1 வரை. அதற்கு மேல், வீட்டில் தனியாக 2 கிலோ பூசணம் பிடித்த தேங்காய்ப் புண்ணாக்கு வைத்தால் கேட்கவே வேண்டாம். பாலைக் காய்ச்சினாலும் இந்த நஞ்சு போகாது. அந்தப் பாலைக் குடிப்பது நம்ம ஊர்ப் பிள்ளைகள்தானே. நோட்டு கொடுப்பதைவிட இது முக்கியம்.

சிரட்டை

தொழுவம் அண்ணன் சொன்ன 11 சதம் ஈரத்தை நம்ம மாவட்டத்தில் பிடிப்பது லேசு இல்லை. ஆனி, ஆடியில் ஒரு மழை, ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு மழை. நாமக்கல்லில் ஓடுகிற ஆலையை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து இங்கே வைத்தால் மூட்டையில் பூசணம் பூக்கும்.

காரணம் இதுதான். மாவை நீராவியில் 75 முதல் 80 டிகிரிக்குச் சூடாக்கித்தான் அச்சில் தள்ளுகிறோம். குச்சி வெளியே வரும்போது சூடும் ஈரமும் ஏறியிருக்கும். குளிர்விப்பானில் 10, 15 நிமிஷம் காற்று ஓட்டி, வெளி வெப்பத்தைவிட 5 டிகிரிக்குள் கொண்டுவந்த பிறகே மூட்டை கட்ட வேண்டும். மழைநாளில் வெளிக்காற்றே ஈரமாக இருப்பதால் அது குச்சியின் ஈரத்தை எடுக்காது, சூட்டை மட்டும் எடுக்கும். குச்சி தொட்டால் ஆறினது போல இருக்கும், உள்ளே 13 சதம் நிற்கும். அவசரத்தில் சூடாகவே மூட்டை கட்டினாலோ இன்னும் மோசம்: இரவில் சாக்கின் உள்பக்கம் வியர்த்து, ஓரத்துக் குச்சி ஒன்றோடொன்று ஒட்டிப் பச்சை பிடிக்கும். மூட்டையைப் பிரித்து நடுவில் கை விட்டுப் பார்த்தால் நன்றாக இருக்கும். ஓரத்தைத்தான் பார்க்க வேண்டும்.

வழி இருக்கிறது. மழைக்காலத்தில் மூலப்பொருளை 12 சதத்துக்கு மேல் ஈரத்தோடு உள்ளே எடுக்கக் கூடாது. நீராவியைக் குறைக்க வேண்டும், வேகமும் குறையும், நாளைக்கு 50 டன் என்பது 40 ஆகும். அதை ஒத்துக்கொள்கிற முதலாளி வேண்டும்.

கொதிகலனுக்குச் சிரட்டை, கதம்பல் (தேங்காய் மட்டை), ரப்பர் விறகு எல்லாம் 20 கிலோமீட்டருக்குள் கிடைக்கும். கதம்பலை நனையவிட்டால் புகைதான் மிச்சம், கூரை போட்ட இடம் வேண்டும். சாம்பலில் பொட்டாஷ் உண்டு. தென்னந்தோப்புக்காரர்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கிழங்குவிளை

உள்ளூர்ப் பொருளை வாங்கச் சொல்லுங்கள். மரச்சீனி (மரவள்ளி) தோல், மரச்சீனி இலை, சக்கை (பலா) மடல், ஏத்தன் (நேந்திரன்) வாழைத்தண்டு என்று எவ்வளவு வீணாகப் போகிறது. மக்காச்சோளத்தை வெளியூரிலிருந்து லாரியில் கொண்டுவருவதைக் குறைக்கலாமே.

கணக்கன்

கிழங்குவிளை சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. கணக்கு ஒத்துவரவில்லை.

50 டன் தீவனத்தில் 5 சதம் காய்ந்த மரச்சீனித் தோல் என்றால் நாளைக்கு இரண்டரை டன். ஒரு கிலோ காய்ந்த தோலுக்குப் பச்சைத் தோல் சுமார் 3 கிலோ வேண்டும். ஆக ஏழரை டன் பச்சைத் தோல். கிழங்கில் தோல் 10 முதல் 15 சதம் என்றால், நாளைக்கு 50 முதல் 75 டன் கிழங்கை ஒரே இடத்தில் உரிக்க வேண்டும். சேலத்தில் ஜவ்வரிசி ஆலை இருக்கிறது, தோல் ஒரு இடத்தில் குவிகிறது. நம்ம ஊரில் கிழங்கு சந்தைக்கும் வீட்டு அடுப்புக்கும் போகிறது. தோல் ஆயிரம் வீட்டுக் கொல்லையில் கிடக்கிறது. வண்டி வைத்துக் கூட்டினால் டீசல் காசு தோலின் விலையைத் தாண்டும். வாழைத்தண்டில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், அதை லாரியில் ஏற்றுவது தண்ணீரை ஏற்றுவதுதான்.

இவையெல்லாம் அந்தந்த வீட்டுத் தொழுவத்திலேயே தீர வேண்டிய பொருள். ஆலை செய்யக்கூடியது, எப்படிப் பக்குவம் பண்ணிப் போடுவது என்று சொல்லிக்கொடுப்பது. ஆலைக்கு வாங்கக்கூடிய உள்ளூர்ச் சரக்கு மூன்றுதான்: தேங்காய்ப் புண்ணாக்கு, தவிடு, ரப்பர் கொட்டைப் புண்ணாக்கு.

தொழுவம்

கணக்கன் சொன்னதில் ஒரு திருத்தமும் இல்லை. வீட்டில் பக்குவம் பண்ணுவதைச் சொல்லிவிடுகிறேன், இதில்தான் உயிர் போகிறது.

மரச்சீனி இலையிலும் தோலிலும் சயனைடு உண்டாகும். கிழங்கு பிடுங்குகிற நாளில் பச்சை இலையை ஆட்டுக்கு வாரிப் போட்டால் கொஞ்ச நேரத்திலேயே மூச்சு வாங்கும், தள்ளாடும், கண் இமை உள்பக்கம் நல்ல சிவப்பாக மாறும். மருத்துவர் வந்து சோடியம் தயோசல்பேட் ஊசி போடுவதற்குள் முடிந்துவிடலாம். இலையைச் சிறிசாக நறுக்கி ஒரு முழு நாளாவது பரப்பி வாட்ட வேண்டும். தோலை நறுக்கி இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயப்போட வேண்டும். மழைநாளில் காயாது, அப்போது இலையை ஊறுகாய்ப் புல்லாகப் போடுவது மேல். நறுக்கின இலையைக் கொஞ்சம் வாட்டி, தடித்த பிளாஸ்டிக் பையில் காற்றுப் போக மிதித்து அடைத்து வாயைக் கட்டிவிட்டால் 45 நாளில் எடுக்கலாம், நஞ்சும் பெருமளவு இறங்கியிருக்கும். எலி ஓட்டை போட்ட பையைத் தூக்கிப் போட்டுவிடணும். பாதி கெட்டது பாதி நல்லது என்று பொறுக்க வேண்டாம்.

சக்கை மடல், கல்யாண வீட்டுச் சோறு, இரண்டும் வேறு வகை ஆபத்து. சர்க்கரையும் மாவும் ஒரேயடியாக வயிற்றுக்குள் போய்ப் புளித்து, மாடு அசைபோடுவதை நிறுத்தும், வயிறு கனத்துப் படுத்துவிடும். பழகாத மாட்டுக்கு ஒரு கூடை சோறு போதும். ஓடிப்போய் ஆப்ப சோடா கரைத்து ஊற்றுகிறார்கள், அது முதலுதவிதான், மருத்துவரையும் கூப்பிட வேண்டும்.

ரப்பர்பால்

ரப்பர் கொட்டை பற்றி. ஆடி, ஆவணியில் தோட்டம் முழுக்க வெடித்துச் சிதறும். குலசேகரம், அருமனை, கீரிப்பாறைப் பக்கம் பொறுக்குவதற்குப் பெண்கள் வருவார்கள். மழைக்குள் விழுவதால் நாலைந்து நாள் தரையில் கிடந்தாலே முளைவிடும், பூசணம் பிடிக்கும். வாங்குகிற கம்பெனி நிறைய பொறுக்கினவர்களுக்குக் கூடுதல் காசு என்று வைத்தால் பழங்கொட்டைதான் வரும். கொட்டையின் ஓட்டை உடைத்துப் பார்த்து வெள்ளைப் பருப்புக்குத் தனி விலை வைக்க வேண்டும். உலர்த்தக் களமும் அவர்களே போட வேண்டும். ரப்பர் ஷீட்டு காயவைக்கிற புகைக்கூடு சும்மா இருக்கிற நாளில் அதையே பயன்படுத்தலாம், தட்டு மட்டும் மாற்றினால் போதும்.

ஓடு நீக்காமல் ஆட்டினால் புண்ணாக்கில் நார் மிகுந்துவிடும். இதிலும் சயனைடு உண்டு. இரண்டு மூன்று மாதம் இருப்பு வைத்தால் குறையும். கறவை மாட்டுத் தீவனத்தில் 20 சதத்துக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது, கன்றுத் தீவனத்தில் சேர்க்காமல் இருப்பது அதைவிட நல்லது.

கும்பப்பூ

தவிட்டைப் பற்றி நாஞ்சில் நாட்டுக்காரன் சொல்லாமல் யார் சொல்வது.

சின்ன மில்லில் ஒரே எந்திரத்தில் உமியும் தவிடும் சேர்ந்து வரும். அதைத் தவிடு என்று வாங்கினால் மாடு தின்பது பாதி உமி. உமியில் மணல்சத்துதான், வயிறு நிறையும், பால் ஏறாது. ஒரு பிடியைத் தண்ணீரில் போட்டுக் கலக்குங்கள்; மேலே மிதப்பது உமி, அடியில் கரகரப்பாக நிற்பது மண். பச்சரிசித் தவிடு சீக்கிரம் காறிவிடும், ஒரு வாரத்தில் கசப்பு வாடை தெரியும். புழுங்கல் தவிடு தாக்குப்பிடிக்கும். நம்ம ஊர் புழுங்கல் ஊர் என்பதில் ஆலைக்கு லாபம்.

வைக்கோலையும் கம்பெனி கவனிக்கணும். கும்பப்பூ (இரண்டாம் போக நெல்) அறுப்பு வெயிலில் முடிகிறது, அந்த வைக்கோல் சுத்தம். கன்னிப்பூ (முதல் போக நெல்) அறுப்பு மழையில் மாட்டினால் வைக்கோல் வயலிலேயே கறுக்கும். அதற்கு யூரியா பக்குவம் இருக்கிறது: 100 கிலோ காய்ந்த வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 65 லிட்டர் தண்ணீரில் முழுக்கக் கரைத்து அடுக்கு அடுக்காகத் தெளித்து, மிதித்து, தார்ப்பாயால் காற்றுப் புகாமல் மூடி 21 நாள். வைக்கோல் ஏற்கெனவே ஈரமாக இருந்தால் தண்ணீரைக் குறைக்க வேண்டும், யூரியாவைக் குறைக்கக் கூடாது. பிரித்ததும் ஒரு மணி நேரம் விரித்துப்போட்டு வாடை போனபிறகு வைக்கணும். ஆறு மாதத்துக்குக் கீழ்ப்பட்ட கன்றுக்கு வேண்டாம். கரையாத யூரியாக் கட்டி ஒரு இடத்தில் நின்றால் அதைத் தின்ற மாடு பிழைக்காது. கம்பெனி ஆள் ஊர் ஊராக வந்து ஒரு போர் போட்டுக் காட்டிவிட்டுப் போகட்டும், காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்தால் யாரும் செய்ய மாட்டார்கள்.

சாளை

கடற்கரைக்கும் இதில் பங்கு உண்டு. பின்னாளில் கோழித் தீவனமும் போடப்போகிறார்கள் என்றால் கருவாடு வாங்குவார்கள். மணலில் கொட்டிக் காயவைத்த கருவாட்டில் மணலும் உப்பும்தான் எடை. கோழித் தீவனத்தில் மொத்த உப்பு அரை சதத்தைத் தாண்டக் கூடாது. 12 சதம் உப்புள்ள கருவாட்டை 5 சதம் சேர்த்தாலே 0.6 வந்துவிட்டது. கோழி தண்ணீராகக் குடிக்கும், எச்சம் இளகும், தரை ஈரமாகும், அமோனியா ஏறும்.

ஆகவே உப்புப் போடாமல், இடுப்பளவு உயரத்தில் வலைத்தட்டு அடித்துக் காயவைக்கிற பெண்கள் குழுவுக்குத் தட்டுக்கான காசை முன்பணமாகக் கொடுத்து, மணல் அளவு பார்த்து விலை கொடுத்தால் இரண்டு பக்கமும் லாபம். ஒன்று கவனம்: மேற்குக் கரைக்கு மீன்பிடித் தடைக்காலம் ஜூன், ஜூலை, சின்னமுட்டம் துறைமுகத்துக்குக் கிழக்குக் கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஒரே மாவட்டத்தில் இரண்டு தடைக்காலம். சரக்கு வரத்தை அதற்குத் தகுந்தபடி திட்டமிடணும். சின்னச் சின்ன சாளைக்குஞ்சை அள்ளித் தூளாக்குகிற வியாபாரத்துக்கு மட்டும் கம்பெனி துணை போகக் கூடாது. தலை, குடல், கழிவு மீன் போதும்.

சிரட்டை

சாளை சொன்னதோடு ஒரு வரி. மீன்தூளை மாட்டுத் தீவன அச்சில் ஓட்டினால் அடுத்த பத்து மூட்டைக்கு வாடை நிற்கும், மாடு முகர்ந்துவிட்டு விலகிப்போகும். தனி வரிசை இல்லாமல் கோழித் தீவனம் வேண்டாம்.

கல்குளம்காரன்

நிறைய கிடைத்தது, நன்றி. பசுந்தீவனம் பற்றி யாரும் சொல்லவில்லையே? கம்பெனிக்காரர் "நாங்களே புல் வளர்க்கச் சொன்னால் எங்கள் மூட்டை யார் வாங்குவார்" என்று கேட்டார்.

தொழுவம்

அவர் கேட்டது நியாயமான கேள்விதான். 20 கிலோ நல்ல புல், அல்லது 6 முதல் 8 கிலோ பயறு வகைப் பசுந்தீவனம், ஒரு கிலோ கலப்புத் தீவனத்துக்கு ஈடு. 10 லிட்டர் கறக்கிற பசுவுக்கு உடம்பைக் காக்க ஒன்றரை கிலோ, இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ வீதம் 4 கிலோ, ஆக ஐந்தரை கிலோ தீவனம். புல் நன்றாக இருந்தால் அதில் ஒரு கிலோ குறையும். கம்பெனிக்கு அந்த ஒரு கிலோ நஷ்டம்தான். ஆனால் தீவன விலைக்கும் பால் விலைக்கும் கட்டுப்படியாகாமல் மாட்டையே விற்றுவிட்டால் ஐந்தரை கிலோவும் போய்விடுமே. மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் தொழுவங்கள் காலியாகிக்கொண்டு வருவதை அவரே சுற்றிப் பார்க்கலாம்.

நம்ம ஊரில் ஏக்கர் கணக்கு பேசிப் பயனில்லை, சென்ட் கணக்குதான். கம்பு நேப்பியர் ஒட்டுப்புல், கோ-4 அல்லது கோ-5, நல்ல வெயிலும் தண்ணீரும் இருந்தால் ஏக்கருக்கு வருஷம் 150 டன் வரும். சென்டுக்கு ஒன்றரை டன், நாளைக்கு 4 கிலோ. ஒரு பசுவுக்கு 25 கிலோ என்றால் ஆறேழு சென்ட். தென்னை நிழலில் பாதிதான் எதிர்பார்க்கலாம். அங்கே கினிப்புல் இன்னும் நன்றாக நிற்கும். முதிர்ந்த ரப்பர் நிழலில் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். 60-க்கு 50 சென்டிமீட்டர் இடைவெளியில் சென்டுக்கு 135 கரணை (நடுகிற தண்டுத் துண்டு). முதல் அறுப்பு 75, 80 நாளில், பிறகு 45 நாளுக்கு ஒரு தடவை. 60 நாள் விட்டால் தண்டு மரமாகும், மாடு மிச்சம் வைக்கும். வேலி ஓரத்தில் அகத்தி, சீமை அகத்தி, முருக்கு. வேலிக்கு இடம் தனியாக வேண்டாம்.

கம்பெனி ஒரு ஏக்கர் தாய்த்தோட்டம் போட்டு, பத்து மூட்டை வாங்குகிறவருக்கு 150 கரணை இலவசம் என்று சொல்லட்டும்.

கணக்கன்

இலவசம் என்றால் வாங்கிக்கொண்டு போய்க் காயவிடுவார்கள். ஒரு ரூபாயாவது வாங்கணும்.

இன்னொன்று, யாரும் பேச விரும்பாத விஷயம்: தீவனக் கடன். முகவர் கடனில் மூட்டை கொடுத்துவிட்டு, "பாலை எனக்குத்தான் ஊற்றணும்" என்று கட்டிப்போடுவார். பால் அளவிலும் கொழுப்பிலும் பிடித்து, மூட்டைக்கு ரொக்க விலையைவிடக் கூட்டியும் எழுதுவார். கம்பெனி இதைத் தெரியாத மாதிரி இருக்கும். திட்டத்தில் இதைத் தெளிவாக எழுதுங்கள்: ரொக்க விலையும் கடன் விலையும் பலகையில் இருக்கணும், பால் சங்கமோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ மொத்தமாக எடுத்தால் முகவர் கழிவு (கமிஷன்) அவர்களுக்கே போகணும், கடனுக்குப் பாலை அடகு கேட்கிற முகவரின் உரிமை போகணும்.

சமூகப் பொறுப்பு நிதி பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2013 கம்பெனிச் சட்டம் 135-ஆம் பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றை எட்டின கம்பெனிதான் கடந்த மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதம் செலவழிக்க வேண்டும். புது ஆலைக்கு இது வராமலே போகலாம். தன் மூட்டை வாங்குகிறவருக்குக் கரணை கொடுப்பது வியாபாரச் செலவு. அதைச் சமூகப் பொறுப்பு என்று எழுதிக் கையைச் சுட்டுக்கொள்ள வேண்டாம்.

கிழங்குவிளை

மரச்சீனித் தோல் விஷயத்தில் கணக்கன் அண்ணன் கணக்கை ஒத்துக்கொள்கிறேன். தேங்காய்ப் புண்ணாக்கை எப்படி வாங்குவது? நம்ம ஊர்ச் செக்குகளில் நாளைக்கு ஐம்பது, நூறு கிலோதான் விழும். பூசணச் சரக்கு ஒன்று கலந்தால் எல்லாம் கெடுமே.

சிரட்டை

சரியான கேள்வி. 50 டன்னில் 10 சதம் என்றால் 5 டன் புண்ணாக்கு. பல செக்கு சேர்ந்தால்தான் ஆகும், அதனால் ஒவ்வொரு மூட்டைக்கும் செக்கு எண் எழுதித்தான் எடுக்கணும்.

கோளாறு புண்ணாக்கில் ஆரம்பிப்பது இல்லை, கொப்பரையில் ஆரம்பிக்கிறது. 6, 7 சதம் ஈரத்துக்கு இறங்காத கொப்பரையில் பூசணம் வரும். ஆட்டும்போது நஞ்சில் பெரும்பங்கு எண்ணெயோடு போகாமல் புண்ணாக்கில் தங்கும். செக்குக்காரர்கள் சேர்ந்து சிரட்டை எரிக்கிற உலர்த்தி வைக்கக் கம்பெனி முன்பணம் கொடுத்தால், புண்ணாக்கும் சுத்தம், எண்ணெய்க்கும் விலை கூடும். செக்கிலிருந்து சூடாக வருகிற புண்ணாக்கை உடனே சாக்கில் கட்டாமல் ஓர் இரவு பரப்பி ஆறவிடணும். எண்ணெய் 10 சதத்துக்கு மேல் நிற்கிற சரக்கு சீக்கிரம் காறும், வந்த கணக்கில் முதலில் அதைத்தான் செலவழிக்கணும்.

உப்புப் பாட்டில் சோதனையை நம்பி 11 சதம் என்று எழுதாதீர்கள். காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் உப்பும் சரக்கும் போட்டுக் குலுக்கி, உப்பு சுவரில் ஒட்டினால் ஈரம் 15-க்கு மேல் என்று அர்த்தம். ஒட்டாவிட்டால் 14-ஆகவும் இருக்கலாம். தள்ளிவிடுவதற்கு அது போதும், வாங்குவதற்கு ஈரமானி வேண்டும்.

கல்குளம்காரன்

நஞ்சுச் சோதனைக்கு மாதிரி எடுப்பது எப்படி? எங்கே அனுப்புவது?

தொழுவம்

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது. கட்டணத்தைக் கேட்டுக்கொண்டு அனுப்புங்கள்.

மாதிரி எடுப்பதில்தான் எல்லோரும் சறுக்குவது. பூஞ்சை நஞ்சு மூட்டை முழுக்கச் சமமாக இருக்காது; ஒரு கட்டியில் ஆயிரம் இருக்கும், பக்கத்துப் பிடியில் ஒன்றுமே இருக்காது. மேலே ஒரு பிடி அள்ளி அனுப்பினால் சீட்டு எடுத்த மாதிரிதான். குறைந்தது பத்து மூட்டை. ஒவ்வொன்றிலும் குத்தூசியால் மேல், நடு, அடி மூன்று இடத்தில் எடுத்து, எல்லாவற்றையும் தாளில் கொட்டிக் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளி, மிச்சத்தைத் திரும்பக் கலந்து, அரைக் கிலோ ஆகிறவரை இப்படியே குறைக்கணும். கட்டி இருந்தால் பொறுக்கி எறிய வேண்டாம், உடைத்துச் சேருங்கள். தாள் உறையில் அல்லது துணிப்பையில் போட்டு, தேதி, செக்கு எண், எத்தனை மூட்டையின் மாதிரி என்று எழுதி ஒட்டுங்கள். ஈரமான சரக்கைப் பிளாஸ்டிக் பையில் கட்டி அனுப்பினால் போய்ச் சேருவதற்குள் பூசணம் வழியிலேயே வளர்ந்துவிடும். இன்னொரு அரைக் கிலோ ஆலையில் முத்திரை வைத்து இருக்கட்டும். செக்குக்காரர் ஒத்துக்கொள்ளாவிட்டால் அவர் முன்னாலேயே அதை உடைத்து இரண்டாம் தடவை அனுப்பலாம்.